ஈட்டிக்காரர்களின் இடுப்பு வாள்

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் டீசா மறுபடியும் செத்தாள். கணினித் திரையில்தான். ஆனாலும் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி அவள் மேசைமேல் போட்ட வேகத்தில் எதிரே இருந்த என் காபி தளும்பியது.

"பாத்தியா வால்தெர்? நான் என்ன பண்ணியிருக்கணும், சொல்லு. அவன் உள்ள வந்துட்டான். என் கையில ரெண்டாள் உசரத்துக்கு ஒரு கம்பு. அவன் என் வயித்துக்கிட்ட நிக்கறான். அந்தக் கம்ப வச்சு நான் என்ன பல்லு குத்தவா?"

வால்தெர் நாற்காலியை மெதுவாகத் திருப்பினான். "பின்னால போயிருக்கணும்."

"பின்னால ஆறு இருக்கு."

"அப்ப பக்கத்துல நிக்கறவனக் கூப்பிட்டிருக்கணும்."

"கூப்பிட்டேன். பக்கத்துல நின்னது நீதான். நீ பன் தின்னுக்கிட்டு இருந்தே."

வால்தெரின் தாடியில் சர்க்கரை ஒட்டியிருந்தது உண்மைதான். நான் சிரித்தேன். டீசா சிரிக்கவில்லை.

நாங்கள் ஐந்து பேர் ஷெவ்டெ நகர ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் உட்கார்ந்து செய்த விளையாட்டுக்கு 'ஆற்றுத்துறை' என்று பெயர். எங்கெங்கோ இருப்பவர்கள் அவரவர் கணினி வழியாக ஒரே ஆற்றங்கரைக்கு வந்து இரண்டு படைகளாக மோதுவார்கள். துறையைப் பிடித்த படைக்கு வெற்றி. சிலர் வில் எடுப்பார்கள், சிலர் வாளும் கேடயமும், சிலர் ஈட்டி. ஈட்டி எடுத்தவருக்கு எதிரி எட்ட நிற்கும்வரை கவலை இல்லை. கம்பின் நீளத்தைக் கடந்து அவன் உள்ளே புகுந்துவிட்டால் கதை முடிந்தது. அந்த நீளமே கையைக் கட்டிப்போட்டுவிடும்.

டீசாதான் விதிகளை வகுப்பவள். வால்தெர் அவற்றை இயங்கவைப்பவன், நிறுவனமும் அவன் பெயரில். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்ச். நான் தூரெ, ஒலி என் வேலை. நனைந்த தோலைச் சுவரில் அறைவது, முட்டைக்கோசை வெட்டுவது, அதையெல்லாம் பதிவுசெய்து சண்டையாக்குவது.

ஈட்டிக்காரர்களுக்கு இடுப்பில் ஒரு வாள் கொடுக்கலாமா என்ற சண்டை அந்த மதியம் தொடங்கியதல்ல. ஆனால் அன்றுதான் அது முற்றியது. டீசா வார இறுதிகளில் ஒரு சங்கத்தில் முனை மழுக்கிய நிஜ ஆயுதங்களோடு பயிற்சி செய்பவள். முழங்கையில் எப்போதும் ஏதாவது ஒரு கன்றிய தடம் இருக்கும்.

"எந்தக் காலத்துல எந்த மடையன்டா இடுப்புல ஒரு வாள்கூட இல்லாம ஈட்டியத் தூக்கிட்டுச் சண்டைக்குப் போனான்?" என்றாள்.

"சரித்திரம் வேற, ஆட்டம் வேற," என்றான் வால்தெர். "ஈட்டிக்காரனுக்கும் வாள் குடுத்துட்டா வாள்காரன எவன் எடுப்பான்? தூரத்துக்கும் அவனே, கிட்டத்துக்கும் அவனேன்னா மத்தவன்லாம் எதுக்கு?"

"வாள உருவணும்னா ஈட்டியக் கீழ போடட்டும். உருவ நேரமாகட்டும். சின்ன வாளா இருக்கட்டும்."

"டீசா, ஈட்டிக்காரனோட வாள் அவன் பக்கத்துல நிக்கறவன்தான். அதுக்காகத்தானே இத ஆரம்பிச்சோம்?"

"பக்கத்துல நிக்கறது யாருன்னே தெரியாம வந்து சேர்றாங்களே, அவங்களுக்கு? தனியா வர்றவங்களுக்கு? அவங்க ஒரு வாரம் அடி வாங்கிட்டு ஓடிப்போயிடறாங்க. அவங்கள நீ பாக்கவே மாட்டியா?"

புதிதாக வந்து ஈட்டியை எடுப்பவர்கள்தான் சீக்கிரம் விட்டுப்போகிறவர்கள் என்பது வால்தெருக்கும் தெரியும். கோடை விடுமுறை முடிந்து வந்ததும் அவன் தலையசைத்தான். வாள் சேர்ந்தது. என் தங்கை வீட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய புல்லரிவாளை அலுமினிய ஏணியில் உரசி, வாள் உருவும் ஒலியைச் செய்தேன். கேட்டவுடன் முதுகு நிமிரும்படி வந்திருந்தது அது.

முதலில் எங்கள் வெள்ளோட்டக் குழுவுக்குக் கொடுத்தோம். புதிய விதிகளை முன்கூட்டி ஆடிப்பார்த்துச் சொல்பவர்கள் அவர்கள். ஆடும்போது பேசுவதைப் பதிவுசெய்ய ஒப்புக்கொண்டவர்கள். அந்தக் குழுவில் எங்களுக்கெல்லாம் பிடித்தவர் குன்வோர்.

குன்வோர் ஏரிக்கரை ஊரான கார்ல்ஸ்போர்க்கில் தபால் கொடுத்து ஓய்வுபெற்ற பெண்மணி, வயது அறுபதுக்கு மேல். ஒருமுறை டப்பா நிறைய ஏலக்காய் ரொட்டியோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். கைகள் நடுங்கும். காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார். "பார்க்காதீங்க, கோப்பை ஆடும், காபி கொட்டாது. பழகிடுச்சு," என்றார். ஆட்டத்தில் அவர் ஈட்டி மட்டுமே எடுப்பார். நடுங்கும் கையோடு வாள் வீச முடியாது. நீளமான ஈட்டியை ஒரு திசையில் நீட்டிக்கொண்டு நிற்க முடியும். எதிரி உள்ளே புகுந்தால் பார்த்துக்கொள்ள இரு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். இடப்பக்கம் மெல்கெர், வடக்கே லூலியோவில் படிக்கிற பையன். வலப்பக்கம் பைவி, பின்லாந்தில் பேருந்து ஓட்டுகிறவள். மூவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. மூன்று வருடமாக ஒரே வரிசையில் நின்றார்கள். இருவரும் குன்வோரை 'கேப்டன்' என்றே அழைத்தார்கள்.

ஒலியைச் சரிபார்க்க அவர்களுடைய பதிவுகளை நான் அடிக்கடி கேட்பேன். சண்டைக்கு நடுவே என்னென்னவோ பேசுவார்கள்.

"மெல்கெர், இடது பக்கம் நெருங்கி நில்லுடா. பரீட்சை என்னாச்சு?"

"ஊத்திக்கிச்சு கேப்டன்."

"மறுபடி எழுது. குனி, குனி, வில்லுக்காரன் இருக்கான். பைவி, அந்த ஆளு திரும்ப போன் பண்ணானா?"

"பண்ணான். நான் எடுக்கல."

"நல்லது. ஈட்டிய நீட்டுங்க, வர்றானுங்க."

இப்படித்தான் இருக்கும். பல நாள் ஒலியைச் சரிபார்த்து முடித்த பிறகும் நான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

வாள் எல்லோருக்கும் வெளியானதும் ஆட வருபவர்கள் பெருகினார்கள். விட்டுப்போனவர்களில் பலர் திரும்பினார்கள். ஒரு பெண் எங்கள் இணைய மன்றப் பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'நான் தனியாக ஆடுகிறவள். முதன்முறையாக என்னைக் கொல்ல வந்தவனை நான் திருப்பி அடித்தேன்.' அதை டீசா தன் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்தாள். வால்தெர் அவளுக்கு இறால் சாண்ட்விச் வாங்கிக்கொடுத்து, "நீ சொன்னதுதான் சரி," என்றான். அவன் லேசில் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

எனக்கு மட்டும் காதில் ஏதோ இடறியது. முன்பெல்லாம் ஈட்டி வரிசை எதிரி நெருங்க நெருங்க இறுகும், பேச்சு குறையும், பெயர்கள் மட்டும் கேட்கும். இப்போது எதிரி நெருங்கியதும் கம்புகள் சடசடவென்று கீழே விழுந்தன. ஆளாளுக்கு வாளை உருவிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். வரிசை என்று ஒன்று அங்கே இருக்கவில்லை.

அக்டோபரில் ஒருநாள் கேட்ட பதிவு இது.

"மெல்கெர், இடது பக்கம் காலியா இருக்கு. எங்கடா இருக்கே?"

"இந்தா வரேன் கேப்டன், இவன முடிச்சிட்டு."

"பைவி?"

பைவி எதையோ துரத்தியபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மெல்கெர், ஒருத்தன் உள்ள வந்துட்டான்."

"வாள எடுங்க கேப்டன். உங்ககிட்டதான் வாள் இருக்கே."

பிறகு கம்பு விழும் ஒலி. என் புல்லரிவாளின் ஒலி பாதியில் நின்றது. விசையைச் சரியாக அழுத்தியிருக்க மாட்டார். அடுத்து வெட்டு. அதற்குப் பின் வந்த சில ஆட்டங்களிலும் அப்படியே. பிறகு குன்வோர் வரவே இல்லை. மெல்கெரும் பைவியும் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள், நன்றாகவே ஆடினார்கள்.

அந்தப் பதிவை டீசாவுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, இன்னொரு முறை போடச் சொன்னாள். பிறகு கோட்டை எடுத்து மாட்டினாள்.

"கார்ல்ஸ்போர்க் பஸ் எப்போ?"

"போன் பண்ணிட்டுப் போலாமே."

"பண்ணா வராதேன்னுடுவாங்க. நீயும் வா."

கார்ல்ஸ்போர்க்கை ஒட்டிய வெட்டெர்ன் ஏரிமேல் மழை சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. குன்வோர் கதவைத் திறந்ததும் எங்களைப் பார்த்துவிட்டு, வாசலில் கிடந்த விறகைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஆளுக்கு நாலு கட்டையத் தூக்கிட்டு உள்ள வாங்க," என்றார்.

காபி போட்டார். புகையில் வாட்டிய மீனை ரொட்டிமேல் வைத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் விறகைப் பற்றியே பேச்சு.

"ஆட்டத்துல உங்களக் காணோமேன்னுதான்," என்று டீசா தொடங்கினாள்.

"குளிர்காலம் வருது. ஆயிரம் வேலை. தேவாலயத்துல பாட்டுக் குழு வேற."

"வாள் வந்ததாலயா?"

"வாள்ல என்ன? நல்ல வாள்தான். சத்தம் பிரமாதம்." என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

"குன்வோர், உங்களுக்கு அத உருவறது கஷ்டமா இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒரு வழி இருக்கு. எதிரி கிட்ட வந்ததும் உங்களுக்கு மட்டும் வாள் தானாவே உருவிக்கற மாதிரி நான் செஞ்சு தரேன். வேற யாருக்கும் தெரியவும் தெரியாது."

குன்வோர் கோப்பையைக் கீழே வைத்தார். தட்டில் அது கடகடவென்று ஆடி நின்றது.

"எனக்குத் தெரியுமே பொண்ணே," என்றார். "எனக்குன்னு தனியா எதுவும் செய்யாதே. நான் அங்க வந்தது இந்தக் கைய மறக்கறதுக்கு. டாக்டர்கிட்ட போனா கை. கடைக்குப் போனா கை. அங்க மட்டும் எவனும் கையப் பத்திப் பேசல. நான் நின்னேன், அவங்க நின்னாங்க. அவ்வளவுதான்."

"மெல்கெர் அப்புறம் உங்ககிட்ட பேசினானா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவன் எதுக்குப் பேசணும்? நான் அவனுக்கு என்ன அம்மாவா? மூஞ்சிகூடப் பாத்ததில்ல." சற்றுக் கழித்து, "பேசல," என்றார். "அவனக் குறை சொல்லல. அவன் இளவட்டம், ஓடத்தான் தோணும். முன்னாடி ஓட முடியாதபடி கட்டியிருந்துச்சு, இப்ப அவுத்து விட்டாச்சு. ஆனா கட்டியிருந்ததாலதான் நின்னானா, இல்ல எனக்காக நின்னானான்னு ஒரு யோசனை வந்துடுச்சு பாரு. அது வந்திருக்க வேணாம்."

மறுநாள் காலை டீசா எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்காரவைத்து, வாளை எடுத்துவிட வேண்டும் என்றாள். வால்தெர் முதலில் சிரித்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"எவ்வளவு பேர் வந்திருக்காங்கன்னு உனக்கே தெரியும். எடுத்தா பாதிப்பேர் போயிடுவாங்க. நம்ம வேலையும் போயிடும்."

"பக்கத்துல நிக்கறவன்தான் வாள்னு சொன்னது யாரு?"

"நான்தான். நம்பித்தான் சொன்னேன். தப்பா சொல்லியிருக்கேன். இல்ல, தப்புன்னும் இல்ல. குன்வோருக்கு அது சரி. உன் திரையில ஒட்டி வச்சிருக்கியே ஒரு பொண்ணு, அவளுக்கு? அவளுக்குப் பக்கத்துல எவனுமே நின்னதில்ல டீசா. அவகிட்ட வாளப் பிடுங்கப் போறியா?"

"அவளுக்கும் யாராவது பக்கத்துல நிக்கற மாதிரி செய்யலாம்."

"எப்படி? பக்கத்துல நில்லுன்னு விதி எழுதுவியா?"

எங்களில் வரைகலை பார்த்த இருவரும் வால்தெர் பக்கம் கை தூக்கினார்கள். நான் டீசா பக்கம். அத்தோடு முடிந்தது. ஆனால் வால்தெர் கெட்டவன் இல்லை. பழைய விதிப்படி ஆட ஒரு தனிக் களம் திறக்க ஒப்புக்கொண்டான். அதன் வேலையை டீசா ஒரே ஆளாகச் செய்து முடித்தாள்.

முதல் வாரம் ஆட்கள் வந்தார்கள். அடுத்த வாரம் குறைந்தார்கள். வாளுக்குப் பழகியவர்களுக்கு வெறும் ஈட்டியோடு நிற்பது அம்மணமாக நிற்பதுபோல் இருந்தது. குன்வோர் வந்தார், டீசா கூப்பிட்டதற்காக. தனியாகக் கரையில் நின்று, எதிரே வந்த ஓரிருவரிடம் அடிபட்டுப் போனார்.

அப்போதுதான் டீசா மெல்கெருக்குப் போன் செய்தாள். செய்ய வேண்டாம் என்று சொன்னேன். "அவங்க தனியா நிக்கறது அவனுக்குத் தெரியாம இருக்கலாம் தூரெ. தெரிஞ்சா வருவான்," என்றாள்.

வந்தான். பைவியையும் அழைத்துக்கொண்டு அன்று மாலையே வந்தான். அந்தப் பதிவை நான் கேட்டேன். மூவரும் வரிசையில் நின்றார்கள். யாரும் விலகி ஓடவில்லை. இரண்டு முறை துறையைப் பிடித்தார்கள்.

"நல்லா இருக்கீங்களா கேப்டன்?"

"நல்லா இருக்கேன். உன் படிப்பு?"

"நல்லாப் போகுது. நீங்க உடம்பப் பாத்துக்கோங்க."

"ம்."

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க கேப்டன்."

இதற்கு முன் மெல்கெர் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் நிற்பவன் பேசுவதுபோல் இருந்தது. ஒரு கேலி இல்லை, ஒரு வசவு இல்லை.

மறுநாள் காலை அலுவலக எண்ணுக்குப் போன் வந்தது. அது எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். டீசா எடுத்தாள்.

"அந்தப் பசங்கள நீயா அனுப்பினே?" என்றது குன்வோரின் குரல்.

அறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டோம். டீசா பொய் சொல்லவில்லை. "ஆமா."

"என் கையப் பத்தியும் சொன்னியா?"

"சொன்னேன்."

"மூணு வருஷம் அவன்கிட்ட மறைச்சு வச்சிருந்தேன்." குன்வோர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "தானா வந்தவனுக்கும் நீ அனுப்பி வந்தவனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நெனச்சியா? நீ நல்ல பொண்ணு. உதவி பண்றேன்னுதான் பண்றே. போதும். இத்தோட விட்டுடு."

டீசா போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வால்தெர் கதவருகே போய் நின்றான், தட்டக் கையைத் தூக்கினான், தட்டாமல் வந்து உட்கார்ந்தான்.

குளிர்காலம் முழுதும் டீசா வேலைக்கு வந்தாள், சொன்னதைச் செய்தாள். புதிய விதி எதையும் அவளாக முன்வைக்கவில்லை. யாராவது ஒன்றைச் சொன்னால், "அப்படிப் பண்ணா யாருக்கு என்ன ஆகும்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்பாள். விதி வகுப்பவள் அப்படிக் கேட்கத் தொடங்கினால் எதுவும் நகராது. வால்தெர் ஒருநாள் பொறுமை இழந்து, "டீசா, இது ஆட்டம்டீ. யாரும் நிஜமா சாகல," என்றான். வசந்தத்தில் அவள் தெற்கே மால்மோவில் ஒரு மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதும் வேலைக்குப் போய்விட்டாள். பிரிவு விருந்தில் வால்தெர் அழுதான். அவள்தான் அவனைத் தேற்றினாள். பழைய விதிக் களத்தை அடுத்த மாதம் மூடினோம். அங்கே எவரும் இல்லை.

ஜூலையில் நான் கார்ல்ஸ்போர்க் போயிருந்தேன், தங்கை குடும்பத்தோடு ஏரியில் குளிக்க. மீன் கடை வரிசையில் எனக்கு முன்னால் குன்வோர் நின்றுகொண்டிருந்தார். நானாகப் பேசுவதா வேண்டாமா என்று தயங்குவதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

"சத்தக்காரா, நீயா? வரிசையில ஒழுங்கா நில்லு," என்றார்.

மீனை வாங்கிக்கொண்டு கால்வாய்க் கரையில் உட்கார்ந்தோம். கை முன்பைவிட அதிகமாக நடுங்கியது. பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை, அவரே பிரித்தார்.

"மெல்கெர் வந்திருந்தான் தெரியுமா?" என்றார்.

"ஆட்டத்துக்கா?"

"வீட்டுக்கு. அவ்வளவு தூரத்துலேர்ந்து ரயில் ஏறி. யாரும் அனுப்பலன்னு நாலு தரம் சொன்னான். நாலு தரம் சொன்னதாலதான் சந்தேகமா இருந்துச்சு." மீன் முள்ளை எடுத்துத் தண்ணீரில் போட்டார். "ரெண்டு நாள் இருந்தான். ரெண்டு பேருக்கும் பேசறதுக்கு ஒண்ணும் வரல. நான் நெனச்சதவிடக் குட்டையா இருக்கான். சண்டை நடந்துக்கிட்டே இருந்தா பேச்சு வரும், சும்மா மேசையில உக்காந்தா வரல. கடைசியில விறகு பொளந்து குடுத்தான். அதுவும் சரியாப் பொளக்கத் தெரியல, திட்டினேன். அப்பதான் கொஞ்சம் சிரிச்சான்."

"மறுபடி வருவானா?"

"கிறிஸ்துமஸுக்கு வரேன்னான். பாக்கலாம்."

ஒரு படகு கடந்து போனது. அவர் அதைப் பார்த்தபடியே, "அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?" என்றார்.

"மால்மோவுல இருக்கா. ஆட்டமெல்லாம் விட்டுட்டா."

"என்னாலயா?"

"கொஞ்சம்," என்றேன்.

குன்வோர் மீன் வாசம் போக விரல்களைப் புல்லில் துடைத்துக்கொண்டு, "என் கோவம் இன்னும் தீரல," என்றார். "ஆனா அதுக்காக அவ வேலைய விட்டிருக்க வேணாம். நம்பர் இருந்தா எழுதிக் குடு. நீ எதுவும் சொல்லாதே, நானே கூப்பிடறேன்."

எழுதிக் கொடுத்தேன். கூப்பிட்டாரா என்று டீசாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை.